குளத்தில் குதித்தால் உயரம் கூடுமா?

மார்பளவுத் தண்ணீரில் நின்று எம்பி எம்பிக் குதிப்பவர்களைப் பார்த்தால், பயிற்சிக்கு வந்தவர்கள் என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஆனால் 2005இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், பள்ளி வயது வாலிபால் வீராங்கனைகள் 19 பேரில் ஒரு பிரிவினர் வாரம் இருமுறை இப்படித்தான் குதித்தார்கள். மற்றவர்களுக்கு உடலை வளைத்து நீட்டும் பயிற்சி மட்டும். நான்கு வாரம்வரை பெரிய வித்தியாசம் தெரியவில்லை. ஆறாவது வாரம் முடிந்தபோது குளத்தில் குதித்தவர்கள் எம்பும் உயரம் சுமார் 11 சதவீதம் கூடியிருந்தது. மற்றவர்களுக்கு அதில் பாதிகூட இல்லை.

இதை வைத்துத் தரையைவிடத் தண்ணீர் மேல் என்று சொல்லிவிட முடியாது. தரையில் குதிப்பவர்கள் அந்த ஆய்வில் இல்லவே இல்லை. இரண்டையும் நேருக்கு நேர் ஒப்பிட்டது 2004இல் வந்த வேறோர் ஆய்வு. எட்டு வாரப் பயிற்சிக்குப் பின் இரு தரப்புப் பெண்களும் ஏறக்குறைய ஒரே அளவு முன்னேறினார்கள். ஆனால் தசைவலி, தரையில் குதித்தவர்களுக்குத்தான் தெளிவாக அதிகம்.

காரணம் எளியது. இடுப்பளவுத் தண்ணீரில் கால்கள் தாங்குவது உடல் எடையில் ஏறத்தாழ பாதி. மார்பளவில் மூன்றில் ஒரு பங்குதான். கீழே இறங்கும்போது தண்ணீர் தாங்கிப் பிடிக்கிறது, பாதம் தரையில் மெதுவாகப் படுகிறது. மேலே எம்பும்போதோ அதே தண்ணீர் எதிரியாகிவிடும். வேகத்தை இரட்டிப்பாக்கினால் தடை ஏறக்குறைய நான்கு மடங்காகும். மூட்டுக்கு அடி இல்லாமல் தொடைக்கு வேலை கிடைப்பது இதனால்தான்.

அப்படியானால் தரை எதற்கு? சோவியத் பயிற்சியாளர் யூரி வெர்கோஷான்ஸ்கி பரப்பிய முறையில், வீரர் உயரமான பெட்டியிலிருந்து கீழே இறங்கி, கால் தரையைத் தொட்ட மறுகணமே மேலே எம்ப வேண்டும். இறங்கும் அதிர்ச்சியில் கெண்டைக்கால் தசையும் குதிகால் தசைநாணும் உண்டிவில் ரப்பரைப் போல இழுபடுகின்றன. அந்த விசை ஆறுவதற்குள் எம்பினால்தான் பலன். போட்டியிலும் அவகாசம் அவ்வளவுதான்: நீளம் தாண்டுதலில் மிதிபலகையில் கால் பதிந்திருப்பது ஏறத்தாழ 0.12 விநாடி. தண்ணீர் அதிர்ச்சியைக் குறைப்பதால் தசை இப்படி இழுபடுவதையும் குறைத்துவிடுகிறது. மூட்டைக் காப்பாற்றும் அதே குணம் இங்கே குறையாகிறது. உடனடியாகத் தெறித்து எழும் பழக்கத்தைக் குளம் முழுமையாகக் கற்றுத்தராது.

ஆகவே எதை எப்போது செய்வது என்பதே பயிற்சியாளர் போட வேண்டிய கணக்கு. சீசன் தொடக்கத்தில் நிறையக் குதிக்க வேண்டியிருக்கும்போதும், காயத்திலிருந்து மீண்டு வரும்போதும், எடை அதிகமுள்ளவர்களுக்கும் குளம் கைகொடுக்கும். போட்டி நெருங்க நெருங்கத் தரைக்கு வந்தே ஆகவேண்டும். அப்போது எண்ணிக்கையைக் குறைத்து, ஒவ்வொரு குதிப்பையும் முழு வேகத்தில் செய்யவேண்டும். சிமென்ட் தரையில் மாணவர்களை நூறு முறை குதிக்கவிடும் நம் பள்ளி மைதான வழக்கம் இந்த இரண்டிலும் சேராது. அதைக் கைவிடுவதே நல்லது.

குளத்துக்குப் போகிறவர்கள் கழுத்தளவுக்கு இறங்காதீர்கள். அங்கே உடல் மிதக்குமே தவிர, ஊன்றி எம்ப முடியாது. வழுக்காத, நீரில் அணியும் காலணி போட்டுக்கொள்ளுங்கள். நீச்சல் தெரிந்தவர் ஒருவர் கரையில் இல்லாமல் பயிற்சியைத் தொடங்க வேண்டாம்.