அரிஸ்டாட்டில் கண்ட செயலறிவு

மாந்தன் அடையத்தக்க பேறுகளுள் தலையாயது எது என்பது அறவியலின் முதல் வினாவாகும். கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டில் (கி.மு. 384–322) தம் நிக்கோமாக்கிய அறநூலை இவ்வினாவிலேயே தொடங்கிப் பத்தாம் பகுதியில் மீண்டும் அதனிடமே வந்து நிற்கின்றார். அவர் தரும் விடை 'யூடைமோனியா' என்பது. இதனை இன்பம் எனப் பெயர்த்தல் எளிது. ஆயின் அது நூலின் கருத்தையே மயங்கச் செய்யும். இன்பம் தோன்றி மறையும் உணர்வு. யூடைமோனியாவோ ஒருவன் தன் வாழ்நாள் முழுதும் நற்பண்புக்கு இயையச் செயற்படுதலாகும். பண்பு உடைமை மட்டும் போதாது. உறங்குவோனும் பண்புடையவனாக இருத்தல் கூடும். ஒலிம்பிய விளையாட்டில் அழகும் வலிமையும் உடையார் அனைவர்க்கும் முடி சூட்டுவதில்லை. களத்தில் இறங்கியவர்க்கே சூட்டுவர் என்று அவர் உவமை காட்டுகின்றார். ஆதலின் 'நல்வாழ்வு' என்னும் சொல்லே ஈண்டு ஒருவாறு பொருந்தும்.

இனி, நற்பண்பு யாது? கோழைமைக்கும் கண்மூடித் துணிதலுக்கும் நடுவில் நிற்பது வீரம். இவறன்மைக்கும் ஊதாரித்தனத்திற்கும் நடுவில் நிற்பது ஈகை. இந்நடு எண்ணால் வகுத்துப் பெறுவதன்று. பத்து மினா எடையுள்ள உணவு மிகுதி, இரண்டு மினா குறைவு எனின், ஆறு மினாவே எல்லார்க்கும் ஏற்றதென முடிவு செய்தல் ஆகாது. மற்போர் வீரன் மிலோவுக்கு அது சிறிது. பயிற்சி தொடங்குவோனுக்கு அதுவே பெரிது. சினமும் இத்தகையதே. யாரிடம், எப்பொழுது, எவ்வளவு, எதன்பொருட்டுச் சினத்தல் தகும் என்பதனை எவ்விதியும் முற்ற வரையறுத்தல் இயலாது. அதனைக் கண்டறியும் ஆற்றலையே அவர் 'புரோனெசிஸ்' என்றார். அதனைச் செயலறிவு என்போம்.

செயலறிவு நூலறிவின் வேறானது. இளையோர் கணிதத்தில் வல்லுநர் ஆவர். செயலறிவு உடையராதல் அரிது. தனி நிகழ்ச்சிகளை அறிவதற்குப் பட்டறிவு வேண்டும். பட்டறிவுக்குக் காலம் வேண்டும். அது வெறுந் திறமையின் வேறானதும் ஆகும். திறமை எவ்விலக்கிற்கும் வழி காணும். இலக்குத் தீயதாயின் அதுவே வஞ்சகமாகும். இலக்கைச் செம்மையாக்குவது பண்பு. அதற்குரிய வழியைச் செம்மையாக்குவது செயலறிவு. தமக்கும் பிறர்க்கும் நல்லது எது எனக் காண வல்லவர் என்பதற்குப் பெரிக்கிளிசை அவர் சான்றாகக் காட்டுகின்றார்.

ஈண்டு ஒரு தடை எழுகின்றது. செயலறிவின்றி முழுமையான பண்பு இல்லை. பண்பின்றிச் செயலறிவு இல்லை. எனின், இரண்டும் இல்லாதவன் எங்ஙனம் தொடங்குவான்? பழக்கத்தால் என்பதே விடை. யாழ் வாசித்தே யாழ் வல்லோன் ஆவது போல, நேர்மையான செயல்களைச் செய்தே ஒருவன் நேர்மையுடையவன் ஆகின்றான். தொடக்கத்தில் பிறர் காட்டும் வழியில் செய்கின்றான். பின்னர் அதன் காரணத்தைத் தானே காண்கின்றான். இயல்பான நற்குணம் மட்டும் உடையவன், கண்ணற்ற வலிய உடல் போன்றவன். அவன் இடறி விழுந்தால் விழுச்சியும் பெரிதாகும். செயலறிவு அவனுக்குக் கண்ணாகின்றது.

இமானுவேல் காண்ட் 1785-இல் வெளியிட்ட நூலில், ஒரு செயலின் அறமதிப்புக் கடமையுணர்வைச் சார்ந்ததேயன்றி இன்பத்தைச் சார்ந்ததன்று என நிறுவ முயன்றார். அதன்பின் அறமும் நல்வாழ்வும் வெவ்வேறு வினாக்களாகப் பிரிந்து நின்றன. 1958-இல் எலிசபெத் ஆன்சுகம் எழுதிய கட்டுரை பண்பை நோக்கி அறிஞரை மீண்டும் திருப்பியது. எனினும் அரிஸ்டாட்டிலின் கொள்கை எளிய ஆறுதல் தருவதன்று. முதுமையில் பெருந்துயர் உற்ற திராய் மன்னன் பிரியமை யாரும் நல்வாழ்வு பெற்றவன் என்னார் என அவரே ஒப்புகின்றார். பண்பு ஊழின் தாக்குதலை முற்றும் தடுப்பதில்லை. ஆயினும், நல்ல செருப்புத் தைப்போன் கிடைத்த தோலைக் கொண்டே இயன்ற அளவு சிறந்த செருப்பைச் செய்வது போல, பண்புடையோன் வாய்த்த சூழலில் இயன்ற அளவு சிறந்ததைச் செய்வான். விதிகளை ஏட்டிலிருந்து கற்பிக்கலாம். அந்தத் தோலைப் பார்த்து அறியும் கண்ணைப் பயிற்சியே தரும்.