மேடை கலைந்த பின் மிஞ்சும் தாள்கள்



ஒரு நகரத்தின் கலை வாழ்வு எங்கே இருக்கிறது என்று கேட்டால், மண்டபங்களில் என்று சொல்லத் தோன்றும். யாழ்ப்பாணத்தைப் பொறுத்தவரை அந்த விடை பாதிதான் சரி. அந்நகரின் நாடகமும் ஓவியமும் நூல் வெளியீடும் பெரும்பாலும் கோயில் வீதியிலும், பள்ளிக்கூட வகுப்பறையிலும், சிறு அச்சுக்கூடங்களிலுமே வளர்ந்தன. அவற்றின் வரலாறோ, நாம் கூட்டி அள்ளிக் குப்பையில் போட்டுவிடும் தாள்களில் தங்கியிருக்கிறது. இவ்வாரம் அதுபற்றியே சில வார்த்தைகள் கூற விரும்புகிறேன்.

முதலில் நாடகத்தை எடுத்துக்கொள்வோம். இலங்கை சுபோத விலாச சபையின் மூலம் நவீன மேடை முறைகளை யாழ்ப்பாணத்தவருக்குப் பழக்கியவர் கலையரசு க. சொர்ணலிங்கம். அவரைப் பற்றி இன்று நாம் விரிவாகப் பேச முடிகிறதென்றால், அவர் தமது அனுபவங்களை 'ஈழத்தில் நாடகமும் நானும்' என்ற நூலாக எழுதி வைத்தமையே காரணம். காங்கேசன்துறை நடிகமணி வி. வி. வைரமுத்து (1924 - 1989) இசை நாடக மரபில் வந்தவர். அவரது மயான காண்டத்தை விடிய விடியப் பார்த்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஆனால் எந்த ஊரில், எந்த ஆண்டில், யார் ஹார்மோனியம் வாசிக்கப் பார்த்தோம் என்று கேட்டால் ஆளுக்கொரு விடை சொல்வார்கள்.

1978இல் குழந்தை ம. சண்முகலிங்கம் நாடக அரங்கக் கல்லூரியைத் தொடங்கினார். அவர் எழுதி, க. சிதம்பரநாதன் நெறிப்படுத்திய 'மண் சுமந்த மேனியர்' 1985இல் மேடையேறியது. பிரதி இருக்கிறது. ஆனால் ஒரு நாடகம் பிரதி மட்டுமல்லவே! ஒளியமைத்தவர் யார், உடை தைத்தவர் யார், பின்திரை என்ன நிறம்? இந்தக் கேள்விகளுக்கு விடை தருவது, வாசலில் கையில் தரப்படும் அந்த ஒற்றைத் தாள்தான்.

ஓவியத்துறையிலும் நிலைமை இதுவே. 1938இல் எஸ். ஆர். கனகசபை வின்சர் ஓவியக் கழகத்தை அமைத்தார். சித்திர வித்தியாதிகாரியாக இருந்த வின்சரின் பெயரையே கழகத்துக்குச் சூட்டினார். பின்னர் வந்தது விடுமுறைக்கால ஓவியர் கழகம். அதன்வழி வளர்ந்த ஓவியர் அ. மாற்கு 2000ஆம் ஆண்டு மறையும் வரை தமது மாணவர்களுக்கு வழிகாட்டியாக விளங்கினார். அவரைப் பற்றி 1987இல் 'தேடலும் படைப்புலகமும்' என்ற மலர் வெளிவந்தது. அவருடைய கலையை அறிய முனையும் இளைஞருக்கு இன்று அந்த மலர் பெருந்துணை.

புத்தக அட்டைகளையும் நாம் கலையாகக் கொள்வதில்லை. ரமணி போன்றோர் வரைந்த அட்டைகளை ஒன்றாக அடுக்கிப் பாருங்கள். அச்சுக்கூடத்தில் இருந்த இரண்டு நிறங்களைக் கொண்டே எவ்வளவு சாதித்திருக்கிறார்கள் என்பது புரியும். 1966இல் டொமினிக் ஜீவா தொடங்கிய 'மல்லிகை', சினிமா நடிகையரின் படங்களைப் போடாமல் எழுத்தாளர், கலைஞர்களின் முகங்களையே அட்டையில் தாங்கி வந்தது. கஸ்தூரியார் வீதியில் ஒரு சலூனிலிருந்து அந்தச் சஞ்சிகை வளர்ந்த கதை பலரும் அறிந்ததே. ஒரு முடிதிருத்தகம் இலக்கியச் சந்திப்பு நிலையமாகவும் இருந்தது. பெரிய கட்டடம் இல்லாமலே கலை வாழும் என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

இருந்த பெரிய கட்டடத்துக்கு நேர்ந்த கதியையும் மறக்க முடியாது. 1981 மே 31 இரவு தொடங்கிய எரிப்பில், கட்டடக்கலைஞர் நரசிம்மன் வடிவமைத்த யாழ். பொது நூலகம் தீக்கிரையானது. ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. அவற்றோடு பட்டியலில் ஏறாத எத்தனையோ துண்டுப்பிரசுரங்களும் போயிருக்கும்.

1990இன் பின் மின்சாரம் இல்லை, அச்சுத்தாளும் இல்லை. கோடு போட்ட கொப்பித் தாளில் பத்திரிகைகள் வந்தன. சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டோம். அப்போதும் நாடகம் நடந்தது. நூல் வெளியீடு நடந்தது. அக்காலத் துண்டுப்பிரசுரங்கள் பலவற்றை ஒரு தகரப் பெட்டியில் சேர்த்து வைத்திருந்தேன். 1995 அக்டோபர் இறுதியில் ஊரே இடம்பெயர்ந்தபோது, சைக்கிளில் அரிசியையும் பாயையும் ஏற்றினேன். பெட்டியை ஏற்ற இடமிருக்கவில்லை. திரும்பி வந்தபோது பெட்டி இல்லை. ஒரு கொப்பிக்குள் செருகியபடி என்னோடு வந்த ஒரேயொரு நாடக அறிவித்தல் மட்டும் எஞ்சியது. 'எதிர்வரும் சனிக்கிழமை மாலை 6 மணிக்கு' என்று அதில் இருக்கிறது. ஆண்டு இல்லை! நானே போய்ப் பார்த்த நாடகம். ஆயினும் எந்த ஆண்டு என்று என்னால் அறுதியிட்டுக் கூற முடியவில்லை.

இந்த இழப்பை உணர்ந்து கலைஞர்களே செயலில் இறங்கியிருப்பது ஆறுதல் தருகிறது. ஓவியர் தா. சனாதனன், யாழ்ப்பாண வீடுகளில் மக்கள் பேணி வைத்த சிறு பொருள்களைத் திரட்டி, 2004இல் பொது நூலகத்தில் காட்சிக்கு வைத்தார். போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலக் காணிப் பதிவேட்டுக்குத் தோம்பு என்று பெயர். முற்றுப்பெறாத தோம்பு என்னும் பொருளில் அவர் 2011இல் ஒரு நூலை வெளியிட்டார். இடம்பெயர்ந்தோர் தாம் இழந்த வீடுகளை நினைவிலிருந்து கீறிய வரைபடங்கள் அதில் உள்ளன. நூலா, ஓவியமா, ஆவணமா என்று பிரிக்க முடியாத படைப்பு அது. 2005இல் தொடங்கிய 'நூலகம்' எண்ணிம நூலகமும் பழைய சஞ்சிகைகள், மலர்களோடு சிறு பிரசுரங்களையும் திரட்டி எவரும் வாசிக்க வைத்திருக்கிறது.

நேயர்களே, ஆய்வாளர்கள் வந்து தேடும் வரை நாம் காத்திருக்க வேண்டியதில்லை. அடுத்த முறை ஒரு நாடகத்துக்கோ ஓவியக் காட்சிக்கோ நூல் வெளியீட்டுக்கோ போனால், கையில் தரும் தாளை மடித்து வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வந்ததும் அதன் மூலையில் ஆண்டை எழுதுங்கள். தாளில் பெயர் இல்லாத ஒளியமைப்பாளரை அறிந்திருந்தால் அதையும் எழுதுங்கள். பின்னர் ஒரு நூலகத்தில் ஒப்படையுங்கள்.

கலைக்குழுக்களுக்கும் ஒரு வேண்டுகோள்: அறிவித்தல் அச்சிடும்போது கிழமையோடு ஆண்டையும் போடுங்கள். நான்கு இலக்கங்கள்தானே, அதற்கு இடமில்லாமற் போகாது.