சிறிய எந்திரம் காட்டிய இழப்பு

வீட்டுப் பட்டறையில் உருவாகும் சிறிய நீராவி எந்திரத்தை வெறும் விளையாட்டுப் பொருள் என்று ஒதுக்குவது தவறு. 1763-இல் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில், நியூகோமன் நீராவி எந்திரத்தின் மாதிரி ஒன்றைப் பழுதுபார்க்கும் வேலை ஜேம்ஸ் வாட்டிடம் வந்தது. கொதிகலன் போதுமானதாகவே தோன்றியும், பிஸ்டன் சில முறை ஏறி இறங்கியதும் நின்றுவிட்டது. உருளை சிறியதாக ஆக, கொள்ளளவோடு ஒப்பிடும்போது அதன் சுவர்ப்பரப்பு கூடுகிறது. நீராவியைக் குளிர்விக்க ஒவ்வொரு முறையும் உள்ளே தெளித்த குளிர்நீர் பட்ட அந்தச் சுவரை மறுபடி சூடாக்குவதிலேயே நீராவியின் பெரும்பகுதி வீணானது. பெரிய எந்திரங்களிலும் இருந்த இழப்புதான். மாதிரியில்தான் அது பளிச்சென்று தெரிந்தது. நீராவியைத் தனிக் கலத்தில் குளிர்விக்கும் யோசனை 1765-இல் வாட்டுக்கு உதித்தது. 1769-இல் காப்புரிமையும் கிடைத்தது.

இவ்வளவு வெப்பத்தை வீணாக்கும் ஒன்றை எதற்குச் செய்ய வேண்டும் என்று கேட்கலாம். அந்த இழப்பை அளப்பதற்காகத்தான்! உருளையைச் சுற்றி வெப்பம் கடத்தாத உறை போட்டு, அதே நெருப்பில் வேகம் கூடுகிறதா என்று பார்ப்பதே நல்ல ஆய்வு. ஆபத்து என்ற மறுப்பு இன்னும் வலுவானது. திறந்த கலத்தில் கொதிக்கும் நீர், நீராவியாகும்போது ஏறத்தாழ 1,600 மடங்கு விரிகிறது; அடைபட்ட கொதிகலன் வெடித்தால் உயிருக்கே கேடு. ஆனால் உருளை, பிஸ்டன், வால்வு, சுழல்சக்கரம் ஆகியவற்றைக் குறைந்த அழுத்தக் காற்றிலேயே ஓட்டிச் சரிபார்க்கலாம். கொதிகலனை முழுக்கக் குளிர்நீரால் நிரப்பி, வேலை அழுத்தத்தைப் போல இரு மடங்கில் சோதித்து, பாதுகாப்பு வால்வு பொருத்திய பிறகே, அனுபவமுள்ளவர் துணையோடு நெருப்பு மூட்டுங்கள்.