பற்பசை பூசிய புண்ணில் எதுவும் ஒட்டாது

தீபாவளியைவிட அதற்கு மூன்றாம் நாள்தான் எனக்குப் பயம். வீட்டு வைத்தியம் கைகொடுக்காத தீக்காயங்கள் அன்றுதான் வந்து சேரும். புஸ்வாணம் வெடித்துக் கை வெந்த ஒரு பையன் அப்படித்தான் வந்தான். பற்பசை, அதன்மேல் மஞ்சள், அதற்கும் மேல் மெடிக்கலில் கேட்டு வாங்கிய ஆன்டிபயாட்டிக் பவுடர். எல்லாம் ஓடாக இறுகிக் கிடந்தது. சலைன் விட்டு ஊறவைத்துப் பெயர்த்தால் அடியில் சீழ். "பாட்டிதான் பூசினாங்க சார், எரிச்சல் அடங்கும்னு" என்றார் அவன் அம்மா.

முதல் நாளே வந்திருந்தால்

கழுவி, கொலாஜன் ஷீட் ஒட்டியிருப்பேன். மாட்டுத் திசுவிலிருந்தோ மீனிலிருந்தோ எடுக்கும் புரதம் அது. பார்க்கக் கண்ணாடித் தாள்போல் இருக்கும். ஒட்டிக்கொண்டால் வலி குறையும். தினமும் கட்டுப் பிரிக்கும்போது பிள்ளை அலற வேண்டாம். பிரசவத்தில் கிடைக்கும் பனிக்குடச் சவ்வும் இப்படிப் பயன்படும். 1910லேயே தோல் சிகிச்சைக்கு வந்துவிட்டது. எச்.ஐ.வி., ஹெபடைட்டிஸ், சிபிலிஸ் இல்லை என்று தாயின் ரத்தத்தில் உறுதியான பிறகே எடுப்பார்கள்.

கிருமியைக் கொல்லுமா?

வாட்ஸ்அப் அப்படித்தான் சொல்கிறது. பனிக்குடச் சவ்வில் கிருமியை எதிர்க்கும் புரதங்கள் இருப்பது உண்மை. வெறும் கொலாஜனுக்கு அந்தச் சக்தி கிடையாது. அது கதவு மட்டும்தான். திருடன் உள்ளே புகுந்தபின் கதவைச் சாத்தி என்ன பயன்? சீழ் கோத்த புண்ணில் ஷீட் ஒட்டாமல் மிதக்கும், அடியில் சீழ் இன்னும் சேரும். அந்தப் பையனுக்கு என்னால் ஒட்ட முடியாமல் போனது அதனால்தான்.

பிரேசிலில் திலேப்பியா மீன்தோலால் தீக்காயத்துக்குக் கட்டுப் போடுகிறார்கள், நிஜம்தான். ஆனால் அது பலமுறை கழுவி, கிருமிநீக்கம் செய்த தோல். மீன் மார்க்கெட்டில் வாங்கிவந்து சுற்றிக்கொள்ளாதீர்கள், தயவுசெய்து!

பற்பசை சூட்டை உள்ளேயே பிடித்து வைக்கும். இங்க், தோசை மாவு, காப்பித்தூள் எல்லாம் காயத்தில் அழுக்கைச் சேர்க்கும். ஐஸ் கட்டியும் வேண்டாம், தோல் இன்னும் கெடும்.

கெஞ்சிக் கேட்கிறேன்

சுட்டதும் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள். மோதிரம், வளையலைக் கழற்றிவிடுங்கள். கொப்புளத்தை உடைக்காதீர்கள். சுத்தமான துணியால் லேசாக மூடி அன்றைக்கே வாருங்கள். பாட்டி திட்டினால் டாக்டர் சொன்னார் என்று என் தலையில் போட்டுவிடுங்கள். அந்தப் பையனுக்குக் கடைசியில் தொடையிலிருந்து தோல் எடுத்து வைக்க வேண்டியதாயிற்று.