உழவர் வீட்டு உறவினர்

தேனி மாவட்டத்துச் சிற்றூர்களில் பெற்ற பிள்ளைக்குப் 'பென்னிகுயிக்' என்று பெயரிடுகிறார்கள். பாட்டனார் படத்துக்குப் பக்கத்திலே அந்த வெள்ளைக்காரரின் படத்தையும் மாட்டி வைக்கிறார்கள். பாலார்பட்டியிலோ, பொங்கல் நாளன்று அவர் படத்தின் முன்னே பானை பொங்குகிறது. ஆள வந்தவர்களின் அதிகாரி ஒருவருக்கு, ஆளப்பட்ட மண்ணின் உழவன் கொடுத்திருக்கும் உறவுமுறை இது!

ஜான் பென்னிகுயிக் 1841 ஜனவரி 15-இல் பூனாவில் பிறந்தவர். எட்டு வயது நிறைய இரண்டே நாள் இருந்தபோது, 1849 ஜனவரி 13-இல், சில்லியன்வாலா போர்க்களத்தில் தந்தை வீழ்ந்தார். தந்தையின் உடலைக் காத்து நின்ற பதினேழு வயது அண்ணனும் அங்கேயே மாண்டான். ஒரே நாளில் இருவரை இழந்த வீட்டுப் பிள்ளை, 1860-இல் பொறியாளராகச் சென்னை மாகாணத்துக்கு வந்தார்.

மேற்கே ஓடி அரபிக்கடலில் கலக்கும் பெரியாற்றைக் கிழக்கே திருப்பி வைகையில் விடலாம் என்ற எண்ணம் அவருடையதன்று. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியிலேயே இராமநாதபுரத்து முத்திருளப்ப பிள்ளை அதை எண்ணினார். பிறகு வந்தவர்களும் திட்டம் தீட்டினார்கள், ஏட்டோடு நின்றது. 1876-78 பஞ்சத்தில் மக்கள் ஈசல்போல் மடிந்த பிறகுதான் அரசாங்கத்துக்குச் சுரணை வந்தது. 1887-இல் வேலை தொடங்கிற்று. யானை உலவும் காடு, கொட்டும் மழை, போட்ட தற்காலிகக் கரையை அடித்துச் செல்லும் வெள்ளம், போதாதற்கு மலேரியா. சுண்ணாம்பும் சுர்க்கியும் கலந்த காரையால் அணை எழுந்தது. மலையை ஒரு மைலுக்கு மேல் குடைந்து தண்ணீருக்கு வழி செய்தார்கள். 1895 அக்டோபரில் ஆளுநர் வென்லாக் திறந்து வைத்தார். அந்தத் தண்ணீர் இராமநாதபுரம் வரை பாய்கிறது.

பணம் மறுக்கப்பட்டபோது மனைவியின் நகையையும் சீமையிலிருந்த வீட்டையும் விற்றே அவர் அணையை முடித்தார் என்று ஊரெல்லாம் சொல்கிறார்கள். அதற்கு அரசு ஆவணங்களில் சான்றில்லை என்கிறார்கள் ஆய்வாளர்கள். நாம் அவர்களோடு சண்டைக்குப் போகவில்லை. ஆனால் கதையைக் கட்டிய நெஞ்சம் நமக்குப் புரிகிறது. தண்ணீருக்காகப் பெண்டாட்டி தாலியை அடகு வைத்துக் கிணறு வெட்டியவன் நம் உழவன். தன்னைப் போலத்தான் அவரும் செய்திருப்பார் என்று நம்புகிறான். நகையை விற்காவிட்டால் மட்டும் அவர் குறைந்துவிடுவாரா, என்ன?

மனைவி கிரேஸ், ஐந்து பெண்கள், ஒரு மகன். மகன் பிறந்த 1899-இல் தந்தைக்கு வயது ஐம்பத்தெட்டு. அதே ஆண்டில், பிரிஸ்பேன் ஆற்று வெள்ளத்துக்கு வழி சொல்ல ஆஸ்திரேலியாவிலும் அவர் வேலை செய்தார். தந்தையின் பெயரையே தாங்கிய அந்த மகன் பின்னாளில் இங்கிலாந்தில் புகழ்பெற்ற நீதிபதியானார். பென்னிகுயிக் 1911 மார்ச் 9-இல் கேம்பர்லியில் மறைந்தார். 2013-இல் லோயர் கேம்பில் மணிமண்டபமும், 2022-இல் கேம்பர்லியிலேயே தமிழக அரசின் சிலையும் எழுந்தன. மெத்தச் சரி.

ஆனால் கல் சுமந்து, காய்ச்சலில் மடிந்து, அணைக்கு அருகே காட்டுக்குள் புதைக்கப்பட்ட நூற்றுக்கணக்கான தொழிலாளர்களும் எவனோ ஒருவனின் தகப்பன்மாரே! அவர்கள் பெயரை யாரும் பிள்ளைக்கு வைக்கவில்லை. வைக்கப் பெயரே தெரியாது. பாலார்பட்டித் தோழர்களே, வருகிற பொங்கலில் அந்தப் பானையில் அவர்களுக்காகவும் ஒரு பிடி அரிசி போடுங்கள்.