வரப்பு தெரியும் உயரம்

"எத்தினி அடியில வரும்போது தாத்தா வரப்பு கண்ணுக்குத் தெரியும்?"

போன பொங்கலுக்கு எங்கள் ஊரான வளையமாதேவிக்கு வந்திருந்த என் தம்பி மகன் கேட்டான். பெரியப்பா திண்ணையில் உட்கார்ந்து வெற்றிலைக் காம்பைக் கிள்ளிக்கொண்டிருந்தார். அவசரப்படவில்லை.

"கதவாண்ட நிக்கும்போதே தெரியும். 1,250 அடிதானே. அப்ப அது கோடு. கீழ வரவரக் கயிறு கணக்கா ஆவும். அப்புறம் அது மேல நடக்கிற ஆளு தெரிவான். அவன் காலு தெரிஞ்சிதுன்னா ஒன் காலைச் சேத்து வச்சிக்க."

பையனும் கூட வந்திருந்த இரண்டு சிநேகிதர்களும் சிரித்தார்கள். மூன்று பேரும் பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை பார்ப்பவர்கள். லீவு கிடைத்தால் வானத்திலிருந்து குதிக்கப் போகிறவர்கள். உயரம் காட்டும் கருவி அவர்கள் மணிக்கட்டில் இருக்கிறது. பெரியப்பாவுக்கு வரப்புதான் அந்தக் கருவி.

பெரியப்பா 1978-ல் ராணுவத்தின் பாராசூட் படையில் சேர்ந்தார். ஆக்ராவில் விமானப்படை நடத்தும் பயிற்சிப் பள்ளியில் ஐந்து முறை குதிக்க வேண்டும், அதில் ஒன்று இரவில். ஐந்தும் முடிந்தால்தான் சட்டையில் சிறகுச் சின்னம். 'பாக்கெட்' என்று பேர் வாங்கிய, இரட்டை வால் வைத்த பழைய சரக்கு விமானத்தில் ஏற்றி மால்புரா மைதானத்துக்கு மேலே கொண்டுபோவார்கள். சிவப்பு விளக்கு, பச்சை விளக்கு, அவ்வளவுதான். முதுகுப் பையிலிருந்து போகும் பட்டையை விமானத்துக் கம்பியில் மாட்டியிருப்பார்கள். ஆள் வெளியே விழுந்ததும் அந்தப் பட்டையே குடையை உருவிவிடும். இழுக்கிற வேலை குதிப்பவனுக்குக் கிடையாது. எண்ணுகிற வேலை மட்டும் உண்டு. "ஆயிரத்தி ஒண்ணு, ஆயிரத்தி ரெண்டு" என்று நாலு வரைக்கும் எண்ணி, தலையைத் தூக்கிப் பார்க்க வேண்டும். மேலே வட்டமாக விரிந்திருந்தால் சரி. இல்லையென்றால் மார்பில் கட்டியிருக்கும் இரண்டாவது குடைக்குக் கை போக வேண்டும்.

பெரியப்பா பாராசூட் என்று சொல்லி நான் கேட்டதில்லை. அவருக்கு அது குடைதான். அந்த வட்டக் குடை நம் பேச்சைக் கேட்காது, காற்று கொண்டுபோகும் இடத்துக்குத்தான் போகும். தரையைத் தொடும் வேகம் ஏறக்குறைய ஓர் ஆள் உயரச் சுவரிலிருந்து குதிப்பதற்குச் சமம். அதனால் விழுவதையே ஒரு வித்தையாகக் கற்றுக்கொடுத்தார்கள். பாதம் இரண்டும் சேர்ந்திருக்க வேண்டும், முழங்கால் லேசாக மடங்கியிருக்க வேண்டும். பாதம், கெண்டைக்கால், தொடை, இடுப்பு, தோள் என்று அடியை உடம்பு முழுக்கப் பங்கு போட்டு உருண்டுவிட வேண்டும். லீவில் வரும்போதெல்லாம் எங்களைக் களத்து மேட்டில் வைக்கோல் போர் மேலிருந்து குதிக்கவைப்பார். ஒரு கால் முன்னே போனாலும் மறுபடி ஏறச் சொல்வார். எனக்கு ஏழு வயது. கால் கட்டைவிரல்கள் ஒட்டியிருக்கின்றனவா என்று குனிந்து பார்த்தது இன்றும் ஞாபகம் இருக்கிறது.

அந்தக் காலத்தில் இந்தியாவில் வானிலிருந்து குதிப்பது ஏறக்குறைய முழுக்க முழுக்கப் படைக்காரர்களின் காரியம். யோசனை கேட்பதென்றால் மூத்தவரைத்தான் கேட்க வேண்டும். பெரியப்பாவின் மூத்தவர்களில் சிலர் வங்கதேசப் போரில், 1971 டிசம்பர் 11-ல் டாங்காயிலில் குதித்தவர்கள். பூட்ஸ் கயிற்றின் முடிச்சை எந்தப் பக்கம் போடுவது, தண்ணீர் பக்கம் போய்விட்டால் எந்தக் கொக்கியை முதலில் தொடுவது என்பதெல்லாம் டீ குடிக்கும்போது வாய்ப்பேச்சாக வந்து சேர்ந்தது. எந்தப் புத்தகத்தையும் படித்து அதைத் தெரிந்துகொள்ளவில்லை என்பார் பெரியப்பா. படைக்கு வெளியே இருந்து வந்த ரேச்சல் தாமஸ் 1979-ல் முதல் தடவை குதித்தார். பிறகு 650-க்கும் மேற்பட்ட குதிப்புகள், 2002-ல் வடதுருவம், பத்மஸ்ரீ. விமானப்படையின் ஆகாஷ் கங்கா குழு 1987-ல் வந்தது. 2024 அக்டோபர் 6-ல் மெரினாவில் அந்தக் குழு இறங்கியதைத் தொலைக்காட்சியில் காட்டினார்கள். எல்லோரும் மூவண்ணத்தைப் பார்த்தோம். பெரியப்பா இறங்குபவர்களின் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். "நின்னுக்கிட்டே எறங்குறான் பாரு" என்று ஆச்சரியப்பட்டார்.

நின்றபடி இறங்க முடிகிற காரணம் குடையின் வடிவம். டொமினா ஜால்பர்ட் என்ற அமெரிக்கர் 1964-ல் யோசித்தது அது. இரண்டு அடுக்குத் துணி, நடுவே அறை அறையாகத் தடுப்பு, முன்பக்கம் மட்டும் திறந்த வாய். காற்று உள்ளே புகுந்து அறைகள் உப்பியதும் துணி சிறகாகிவிடுகிறது. இடது கயிறு, வலது கயிறு, திருப்பம், கடைசியில் இரண்டையும் சேர்த்து இழுத்தால் வேகம் அடங்கி, படியிலிருந்து இறங்குவது போலக் கால் தரையில் படும். பில் பூத் என்பவர் 1970-களில் கண்டுபிடித்த மூன்று வளையக் கொக்கியும் பெரிய விஷயம். கோளாறான குடையை ஒரே இழுப்பில் கழற்றிவிட்டு அடுத்ததற்குப் போக அது வழிசெய்தது. 1983-ல் பயிற்றுநரோடு புதியவரைக் கட்டிக் குதிக்கவைக்கும் முறை வந்த பிறகு, பயிற்சி இல்லாதவருக்கும் வானம் திறந்துகொண்டது. எங்கள் பையன் முதலில் குதித்ததும் மைசூரில் அப்படித்தான். அப்புறம் தாய்லாந்துக்குப் போய் முதல் உரிமத்துக்கு வேண்டிய 25 குதிப்புகளை முடித்தான்.

பொங்கலன்று மத்தியானம் அவன் தன் குடைப் பையைத் திண்ணைப் பாயில் விரித்தான். செகண்ட் ஹேண்டில் வாங்கியது. பெரியப்பா முதலில் தடவிப் பார்த்தது, பையின் வாயை மூடிப்பிடிக்கும் சின்ன நூல் வளையத்தை. நகத்தால் சுரண்டிப் பார்த்து, "இது நஞ்சிபோயிருக்கு, மாத்து" என்றார். கோயம்புத்தூரைச் சேர்ந்த சிநேகிதி உடனே, "நானும் இதையேதான் தாத்தா ரெண்டு மாசமா சொல்றேன்" என்று எழுந்து நின்றுவிட்டாள். நாற்பது வருஷ இடைவெளியில் இருக்கும் இரண்டு பேர் ஒரே நூலைப் பார்த்து ஒரே வார்த்தையைச் சொன்னது எனக்கு மிகவும் பிடித்தது.

அதன் பிறகு மூன்று பேரும் பேசிய பேச்சை அப்படியே எழுதிவைக்கலாம். பாதி கேலி, பாதி யோசனை. போனை ஜிப் இல்லாத பையில் வைத்துக் குதித்த ஒருவனுக்கு என்ன ஆயிற்று என்று ஒரு கதை. கேமரா பேட்டரியைக் கடைசி வரை உள்சட்டைக்குள் வைத்திரு, மேலே போகப் போக ஆயிரம் அடிக்கு ஏறக்குறைய 2 டிகிரி குளிர் கூடும், 13,000 அடியில் பேட்டரி பாதிக்கு வந்துவிடும் என்று ஒரு யோசனை. பையனுக்குத் தலைக்கவசத்தில் கேமரா மாட்ட ஆசை. "200 குதிப்பு ஆவட்டும், அப்புறம் பேசு" என்று சிநேகிதர்கள் இரண்டு பேரும் சேர்ந்து அடக்கினார்கள். அது அமெரிக்க வான்குதிப்பாளர் சங்கம் சொல்லும் எண். கேமராவின் முனையில் கயிறு மாட்டிக்கொள்ளலாம், அது ஒரு பயம். அதைவிடப் பெரிய பயம், கேமரா வைத்தவனின் மனசு படத்திலேயே இருந்துவிடும், தரை எங்கே என்பது மறந்துபோகும்.

பெரியப்பாவைக் கட்டிப்போட்டது தீப்பெட்டி அளவில் ஒரு சின்னப் பெட்டி. பைக்குள் இருக்கிறது. 1991-ல் ஜெர்மனியில் 'சைப்ரஸ்' என்ற பெயரில் முதலில் வந்த மின்னணுக் காவல் கருவியின் வம்சம். காற்றழுத்தத்தை வைத்து உயரத்தையும் வேகத்தையும் கணக்கிட்டபடியே இருக்கும். தரைக்கு மேல் சுமார் 750 அடியிலும் ஆள் பாய்ந்து விழுந்துகொண்டிருந்தால், குடையை இழுக்காமல் மயங்கிக் கிடக்கிறான் என்று எடுத்துக்கொண்டு, இரண்டாவது குடையைக் கட்டியிருக்கும் நூலைத் தானே வெட்டிவிடும். 750 அடி என்பது அந்த வேகத்தில் நாலு விநாடிதான்.

"இதை வீட்டுல ஆன் பண்ணிட்டுக் கெளம்பக் கூடாது தாத்தா" என்றாள் அந்தப் பெண். "குதிக்கிற எடத்துத் தரையில வச்சித்தான் ஆன் பண்ணணும். எந்த எடத்துல கண்ணைத் தெறக்குதோ அதைத்தான் தரைன்னு நெனச்சிக்கும்."

வளையமாதேவி தாழ்ந்த சமவெளி. மைசூர் சுமார் 2,500 அடி உயரத்தில் இருக்கிறது. இங்கே ஆன் பண்ணிவிட்டு அங்கே போய்க் குதித்தால், தரை இன்னும் 2,500 அடி கீழே இருப்பதாக அந்தப் பெட்டி நம்பிக்கொண்டிருக்கும். ஆள் தரையில் விழுந்த பிறகும் அதன் கணக்கில் அவன் வானத்தில்தான் இருப்பான். போனில் தெரியும் உயரத்தை நம்பாதே, அது கடல் மட்டத்திலிருந்து சொல்வது என்பதும் இதே வகை யோசனை.

பெரியப்பா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "அது தூங்கிப்போச்சின்னா?"

"இல்லைன்னு நெனச்சிக்கிட்டுத்தான் குதிக்கணும் தாத்தா. இருக்குதுன்னு நெனச்சா நாம தூங்கிடுவோம்."

பெரியப்பா அந்தப் பெண்ணை ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு வெற்றிலைத் தட்டை அவள் பக்கம் நகர்த்தினார். எங்கள் வீட்டில் அது பெரிய மரியாதை.

கருவிகள் ஆட்களைக் கெடுத்துவிட்டன என்று வயதானவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். இந்த விஷயத்தில் நான் அதை ஒப்புக்கொள்ள மாட்டேன். அமெரிக்காவில் 1970-களில் ஆண்டுக்குச் சராசரியாக 40 பேருக்கு மேல் இந்த விளையாட்டில் இறந்தார்கள். 2023-ல், குதிப்புகள் லட்சக்கணக்கில் நடந்தும், அது 10. அந்தச் சின்னப் பெட்டி வேலை செய்து பிழைத்தவர்கள் இன்று பேரன் பேத்தி எடுத்திருப்பார்கள். என் தம்பி மகன் அதைப் போட்டுக்கொண்டு குதிக்கிறான் என்பதால்தான் என்னால் இரவில் தூங்க முடிகிறது. ஆனால் இப்போது நடக்கும் விபத்துகளில் கணிசமானவை நன்றாக விரிந்த குடைக்குக் கீழேயே நடக்கின்றன. தரைக்கு வெகு அருகில் வேகமாகத் திரும்பப் போய், இறங்கும் இடத்தைத் தப்பாகக் கணித்து. அங்கே பெட்டியால் ஒன்றும் செய்ய முடியாது. வரப்பு கயிறாவது எப்போது, கால் தெரிவது எப்போது என்ற கண் கணக்குதான் வேண்டும்.

வான்குதிப்பாளர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. எந்த ஊருக்குப் போனாலும், இங்கே எங்கே இறங்கலாம் என்று மனசு தேடும். சாயங்காலம் அந்தப் பேச்சு வந்தது. பையன் போனில் செயற்கைக்கோள் படத்தைத் திறந்தான். பெரியப்பா கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டார்.

"அப்பல்லாம் தை அறுப்பு முடிஞ்சா கண்ணை மூடிக்கிட்டு எறங்கலாம். சேத்தியாத்தோப்பு ரோட்டுலேர்ந்து பரவனாறு வரைக்கும் தாளடிதான். கரண்டு கம்பம் கூட ஒண்ணு ரெண்டு."

படத்தில் வேறு ஊர் இருந்தது. சாம்பல் நிறத்தில் படிப்படியாக இறங்கும் நிலக்கரிச் சுரங்கம். தோண்டிய மண்ணைக் கொட்டிய மேடுகள். அனல்மின் நிலையத்திலிருந்து கிளம்பும் உயரழுத்தக் கம்பிகளின் கோபுர வரிசை. ஊர் நிலத்தின் குறுக்கே அளவுகோல் வைத்து இழுத்தது போல ஒரு கோடு. சுரங்கத்துக்காகப் பரவனாற்றைத் திருப்பிவிட வெட்டிய கால்வாய் அது. 2023 ஜூலை 26-ல் கதிர் வரப்போகும் பயிருக்குள் மண்வாரி இயந்திரங்கள் இறங்கிய படத்தைத் தமிழ்நாடு முழுக்கப் பார்த்தது. ஏக்கருக்கு 40,000 ரூபாய் பயிர் இழப்பீடு கொடுக்கச் சொல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அன்று வரப்பில் நின்றவர்கள் அதைப் பற்றிப் பேசினால் இன்றும் பாதியில் நிறுத்திவிடுவார்கள். நானும் நிறுத்திக்கொள்கிறேன்.

"இதுல எங்க நெலம் எங்கடா?"

பையன் இரண்டு விரலால் பெரிதாக்கினான். "இன்னும் கீழ எறக்கு" என்றார் பெரியப்பா. இன்னும் பெரிதாக்கினான். மோட்டார் கொட்டாய் இருந்த இடம் வந்தபோது படம் கட்டம் கட்டமாக உடைந்து மங்கிவிட்டது. "இதுக்கு மேல எறங்காது தாத்தா."

மறுநாள் காலையில் மூன்று பேரையும் எழுப்பிக் கூட்டிக்கொண்டு போனார். கிழக்கே இன்னும் நடவு நடக்கிற ஒரு பகுதி இருக்கிறது. அறுப்பு முடிந்திருந்தது. வரப்பில் நின்று சுற்றிலும் பார்த்தார். ஒரு கம்பி, ஒரு பனை, ஒரு போர்வெல் குழாய் என்று விரலை மடக்கி எண்ணினார். பையன் காற்றளவியைத் தூக்கிப் பிடித்து, மணிக்கு 11 கிலோமீட்டர் என்றான். பெரியப்பா குனிந்து ஒரு பிடி பதரை அள்ளி, கையைத் தலைக்கு மேலே நீட்டி விரலைத் திறந்தார். பதர் சாய்ந்து சாய்ந்து பறந்தது.

"கால்வாய்ப் பக்கம் தள்ளுது" என்றார். "குடையைக் கொஞ்சம் மேலயே திருப்பிக்க. இந்த வரப்பை உடாத."

அந்தப் பெண் குனிந்து தானும் ஒரு பிடி அள்ளினாள்.