அழகியல் அறுவை சிகிச்சை: முன்னேற்பாடும் மருத்துவர் தேர்வும்

நோயைப் போக்குவதற்காகச் செய்யப்படும் அறுவை சிகிச்சையில் காலம் பெரும்பாலும் மருத்துவரின் கையிலும் இல்லை, நோயாளியின் கையிலும் இல்லை. அழகியல் அறுவை சிகிச்சையின் நிலை இதற்கு மாறானது. நலமாக உள்ள ஒருவர், தாமாக விரும்பி, தமது உடலைக் கத்திக்கு ஒப்படைக்கிறார். அவசரம் ஏதும் இல்லாததால், ஆராய்ந்து முடிவு செய்ய அவருக்கு வேண்டிய அவகாசம் உண்டு. அந்த அவகாசத்தைப் பயன்படுத்தாதவர்களே பெரிதும் துன்பத்துக்கு உள்ளாகின்றனர்.

தொன்மையான கலை

'பிளாஸ்டிக்' என்ற சொல் இங்கு நெகிழிப் பொருளைக் குறிப்பதன்று. 'வடிவமைத்தல்' என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. அறுபட்ட மூக்கைச் சீரமைக்கும் முறையைச் சுசுருத சம்ஹிதை விவரிக்கிறது. நெற்றித் தோலைக் கொண்டு புதிய மூக்கை அமைக்கும் இந்திய முறை புனே நகரில் கையாளப்பட்டதை 1794-இல் லண்டன் இதழ் ஒன்று வெளியிட்டது. அதன் பின்னரே ஐரோப்பிய மருத்துவர்கள் இம்முறையைப் பின்பற்றலாயினர். இந்திய பிளாஸ்டிக் அறுவை மருத்துவர்கள் சங்கம் 1957-இல் தோன்றியது.

இத்துறைக்கு இரு கிளைகள் உண்டு. தீக்காயம், விபத்து, பிளவுபட்ட உதடு போன்றவற்றைச் சரிசெய்வது சீரமைப்பு அறுவை. இயல்பான உறுப்பின் தோற்றத்தை மாற்றுவது அழகியல் அறுவை. அரசின் கொள்கையும் இவ்வேறுபாட்டை ஏற்கிறது. பிறவிக் குறை, வளர்ச்சிக் குறை, காயம் ஆகியவற்றுக்கான சீரமைப்புக்குச் சரக்கு மற்றும் சேவை வரி விலக்கு உண்டு. அழகுக்காக மட்டும் செய்யப்படும் அறுவைக்கு அவ்விலக்கு இல்லை. ஆயுஷ்மான் பாரத் மக்கள் ஆரோக்கியத் திட்டத்திலும் அழகியல் சிகிச்சைகள் சேர்க்கப்படவில்லை. எனவே செலவு முழுவதும் பெரும்பாலும் நோயாளியையே சார்கிறது.

தகுதியை அறிவது எவ்வாறு?

எம்.பி.பி.எஸ். பட்டத்துக்குப் பின் பொது அறுவை மருத்துவத்தில் எம்.எஸ்., அதன் பின் பிளாஸ்டிக் அறுவை மருத்துவத்தில் மூன்றாண்டு எம்.சிஎச். என்பது வழக்கமான கல்விப் பாதை. தேசியத் தேர்வு வாரியம் வழங்கும் இணையான பட்டங்களும் ஏற்கத்தக்கவை. சில நாட்களில் பெறும் பயிற்சிச் சான்றிதழ்கள் இவற்றுக்கு ஈடாகா. பெயர்ப் பலகையில் 'அழகியல் நிபுணர்' என்று எழுதியிருப்பது மட்டுமே தகுதிக்குச் சான்றும் ஆகாது.

மருத்துவரின் பெயரும் பதிவு எண்ணும் மாநில மருத்துவக் கவுன்சிலின் பதிவேட்டிலும், தேசிய மருத்துவ ஆணையத்தின் பதிவேட்டிலும் உள்ளனவா என்று எவரும் சரிபார்க்கலாம். மருத்துவமனையிலும் மருந்துச் சீட்டிலும் பதிவு எண்ணைக் குறிப்பிட வேண்டும் என 2002-ஆம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை விதிகள் கூறுகின்றன. முடி நடுதல் போன்ற சிகிச்சைகளைப் பயிற்சியற்றோர் செய்வதைக் கண்ட தேசிய மருத்துவ ஆணையம், 2022-இல் அவற்றுக்கென வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. இணையக் காணொலிகளைப் பார்த்துக் கற்பது பயிற்சியாகாது என்பதை அது தெளிவுபடுத்தியது.

மருத்துவரிடம் நேரடியாகக் கேட்க வேண்டிய வினாக்கள் சில உண்டு. இந்த அறுவையை அவர் எத்தனை முறை செய்துள்ளார்? மயக்க மருந்து கொடுப்பவர் தகுதி பெற்ற மயக்கவியல் மருத்துவரா? நிலைமை மோசமானால் தீவிர சிகிச்சைக்கு என்ன ஏற்பாடு? மறு அறுவை தேவைப்பட்டால் செலவு யாருடையது? இவற்றுக்குப் பொறுமையாக விடையளிக்காத மருத்துவரை விட்டு வேறொருவரை நாடுவதே அறிவுடைமை. குறிப்பிட்ட நாளுக்குள் பணம் கட்டினால் கட்டணத்தில் சலுகை என்று விரைவுபடுத்தும் இடத்திலும் எச்சரிக்கை வேண்டும்.

உடலும் உள்ளமும்

நீரிழிவு, இரத்த அழுத்தம், இரத்தசோகை ஆகியவை முன்னதாகவே கட்டுப்பாட்டுக்குள் வரவேண்டும். புகையிலையில் உள்ள நிக்கோடின் இரத்தக் குழாய்களைச் சுருக்கி, தோலுக்குச் செல்லும் இரத்தத்தைக் குறைக்கிறது. இதனால் காயம் ஆறாமல் தோல் அழுகவும் கூடும். ஆகவே அறுவைக்குக் குறைந்தது நான்கு வாரங்களுக்கு முன்பே புகைபிடிப்பதை நிறுத்தி, பின்னரும் சில வாரங்கள் தவிர்ப்பது அவசியம். ஆஸ்பிரின் போன்றவை இரத்தம் உறைவதைத் தடுக்கும். எனவே உட்கொள்ளும் எல்லா மருந்துகளையும், சித்த, ஆயுர்வேத மருந்துகள் உட்பட, மருத்துவரிடம் கூற வேண்டும். ஆனால் இதய நோய்க்காக உட்கொள்ளும் மருந்தைத் தாமாக நிறுத்துதல் ஆபத்தானது. தழும்பு தடித்து வளரும் இயல்பு குடும்பத்தில் இருப்பின் அதையும் தெரிவித்தல் நன்று.

கொழுப்பு உறிஞ்சும் அறுவை உடல் பருமனுக்குத் தீர்வன்று. குறிப்பிட்ட இடத்தின் வடிவை மட்டுமே அது திருத்தும். அறுவையால் திருமணமோ வேலையோ கைகூடும் என்று நம்புவோர் ஏமாற்றம் அடைவர். சிறு குறையைப் பெருங்குறையாக எண்ணி இடைவிடாது வருந்துவோருக்கு முதலில் தேவைப்படுவது மனநல மருத்துவரின் ஆலோசனையே.

ஒப்புதலும் உரிமையும்

சிகிச்சையின் தன்மை, பயன், ஆபத்து, மாற்றுவழிகள் ஆகியவற்றை அறிந்த பின்னர் தரப்படுவதே உண்மையான ஒப்புதல் என்றும், ஒரு சிகிச்சைக்குத் தந்த ஒப்புதல் மற்றொன்றுக்குப் பொருந்தாது என்றும் உச்ச நீதிமன்றம் 2008-இல் தீர்ப்பளித்தது. உயிரைக் காக்கும் அவசரநிலை மட்டுமே இதற்கு விதிவிலக்கு. படிவத்தை அறுவை அரங்கின் வாயிலில் நிரப்பாமல், சில நாட்களுக்கு முன்பே தமக்குத் தெரிந்த மொழியில் படித்தறிதல் வேண்டும். கோரிய 72 மணி நேரத்துக்குள் மருத்துவ ஆவணங்களைப் பெறும் உரிமை நோயாளிக்கு உண்டு. கட்டணம் பெற்றுச் செய்யும் மருத்துவப் பணி நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்கு உட்பட்டது என்பதும் 1995-இல் உறுதி செய்யப்பட்டது.

மருத்துவமனைகளைப் பதிவு செய்து ஒழுங்குபடுத்த மத்தியச் சட்டம் 2010-இல் இயற்றப்பட்டது. சில மாநிலங்கள் அதனை ஏற்றுள்ளன. சிலவற்றில் தனிச் சட்டங்கள் உள்ளன. சட்டம் எதுவாயினும் அதன் பயன் நடைமுறையைப் பொறுத்தது. பதிவேட்டைப் பார்வையிடும் அலுவலரும், பதிவு எண்ணைக் கேட்கும் குடிமகனும் இணைந்தே தகுதியற்றோரின் கத்தியைத் தடுக்க முடியும்.